இடி வாங்கிய அக்கார்டியன்

பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. குடிநீர் அலுவலகத்துச் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. அக்கார்டியனை மாரில் மாட்டிக்கொண்டு மேடையேறிய முதல் நாளே அவருக்குப் பெட்டி என்று பெயர் விழுந்துவிட்டது. மனைவிகூடக் கோபம் வந்தால் "இந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு இருக்கே" என்றுதான் ஆரம்பிப்பார். மனிதரைச் சொல்கிறாரா, கருவியைச் சொல்கிறாரா என்று கேட்கும் தைரியம் பெட்டிக்கு இன்றுவரை வரவில்லை.

வீட்டின் பின்னறையில்தான் குழுவின் சொத்து முழுவதும் இருந்தது. குழு என்று சொன்னால் நான்கு பேர். கல்யாணம், அலுவலக ஆண்டுவிழா, கடைத் திறப்பு என்று யார் கூப்பிட்டாலும் போய் வாசித்துவிட்டு வருவார்கள். கடைசியாக மேடையேறிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அந்த அறையைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். டிரம்ஸ் பழைய போர்வைக்குள் நின்றது. கிட்டார் சுவரில் தொங்கியது. பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிபயர், டேப் சுற்றும் எக்கோ மிஷின், மைக்குகள், ஒழுங்காகச் சுருட்டிக் கட்டிய ஒயர்கள். காலையில் எழுந்ததும் பெட்டி அங்கே போய் ஒவ்வொன்றாகத் துடைப்பார். "அந்த அக்கறைல கால்வாசி இந்த வீட்டு ஜன்னலுக்குக் காட்டியிருந்தா வெளியில என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்பார் மனைவி.

ஒரு மழை நாளில் அந்த அறையின் சுவிட்ச் போர்டு புகைந்தது. மாடியில் குடியிருக்கும் மகள் ஓடி வந்து மெயினை அணைத்தாள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, சுவரில் கொஞ்சம் கரி, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு நடந்ததை மனைவி இன்றுவரை வீட்டுக்கு வருகிற ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். "உள்ள ஒருத்தி இருக்கேன். இருக்காளா, செத்தாளான்னு பாக்கல. அக்கார்டியனைத் தூக்கிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு முற்றத்துல நிக்கிறாரு மனுஷன். அதுக்குக் குடை வேற பிடிச்சிருக்காரு. தான் நனையறாரு."

பெட்டி இதை மறுத்ததில்லை. மறுக்க முடியாது, குடை சாட்சி.

மகள் மறுநாளே முடிவு செய்துவிட்டாள். ஒயரிங்கை மாற்றுவது, கருவிகளை எல்லாம் இன்சூர் செய்வது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எல்லாம் சாம்பல்பா. அதுக்கப்புறம் நீங்க ஒரு வாரம் தாங்க மாட்டீங்க, எனக்குத் தெரியும்." அவள் சொன்னது உண்மைதான் என்பதால் பெட்டி தலையை ஆட்டினார்.

இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்து மதிப்பீடு செய்ய ஒரு அம்மாள் வந்தார். நடுத்தர வயது, மூக்கு நுனியில் கண்ணாடி, தோளில் கேமரா. ஒரு மணி நேரத்தில் முடித்துக் கிளம்பிவிடலாம் என்று நினைத்து வந்திருந்தார், பாவம். ஸ்பீக்கரின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இங்க அடிபட்டிருக்கே சார்?" என்று கேட்டதுதான் அவர் செய்த பிழை.

"அதையா கேக்கறீங்க" என்று பெட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மலைப்பாதை ஒன்றில் வேன் திரும்பியபோது அந்த ஸ்பீக்கர் கயிறு அவிழ்ந்து விழுந்துவிட்டது. நெடுந்தூரம் போன பிறகுதான் தெரிந்தது. திரும்பி வந்து பார்த்தால் சாலையோரத்தில் அதன்மேல் ஒரு வயதான கணவனும் மனைவியும் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். கூப்பிட்டுப் பார்த்தோம், உங்கள் வண்டி நிற்கவில்லை, யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே என்று மேலேயே உட்கார்ந்துவிட்டோம் என்றார்கள். அவர்களையும் ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார்கள். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற இருவரும் விருந்தையும் முடித்துக்கொண்டு மறுநாள்தான் வீடு போனார்கள்.

எக்கோ மிஷினுக்கு இன்னொரு கதை. பாடகர் மாலை மாற்றும் நேரத்தில் மைக்குக்கு முன்னால் ஒரு தடவை இருமினார். மிஷின் அதை ஆறு தடவை இருமியது. மணப்பெண் சிரித்த சிரிப்பில் மாலை கையிலிருந்து நழுவியது. பெட்டி இதைச் சொல்லும்போது அந்த இருமலையும் தேய்ந்து தேய்ந்து இருமிக் காட்டினார். மதிப்பீட்டு அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் இரண்டு தடவை தேநீர் வந்து போயிருந்தது.

அக்கார்டியனிடம் வந்தபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியே அதை எடுத்து மாட்டிக்கொண்டு, துருத்தியை மெல்ல விரித்து நாலு சுரம் வாசித்தார். தந்த நிறத்துக் கட்டைகள் பழுத்து மஞ்சளாகியிருந்தன. காற்று மட்டும் முதல் நாள் போலவே ஒழுங்காக ஓடியது.

"இதுதான் இங்க இருக்கறதுலயே பெரிய பொருள் சார். மத்ததையெல்லாம் சேர்த்தாலும் இதுக்குப் பக்கத்துல வராது. எப்ப வாங்கினீங்க?"

பெட்டி பட்டையைத் தோளிலிருந்து இறக்கினார். "நான் வாங்கலைங்க. இது என்னுது இல்லை."

பேனா நின்றது. "அப்போ அந்த டிரம்ஸ்?"

"அது என்னுது."

"நீங்க டிரம்ஸும் வாசிப்பீங்களா?"

"கிட்டப் போனதில்லை."

"கிட்டார்?"

"மூச்சோடது."

"அவர் கிட்டார் வாசிக்கறவரா?"

"இல்லைங்க, மூச்சு பாடறவர். கிட்டார் வாசிச்சது கம்பி. கம்பியோடது இந்த மைக்கு, ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர்."

அந்த அம்மாள் கண்ணாடியை மறுபடியும் கழற்றினார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "சார், நான் காலையில சாப்பிடாம வந்துட்டேன். கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க."

விஷயம் இதுதான். ஆரம்பத்தில் அவர்களோடு ஐந்தாவதாக ஒரு மாண்டலின்காரர் இருந்தார். சொந்த மாண்டலின், சொந்தச் செலவில் வாங்கியது. ஒரு பெரிய நிகழ்ச்சிக்கு முதல் நாள் அதைத் தூக்கிக்கொண்டு வேறு குழுவுக்குப் போய்விட்டார். மீதி நான்கு பேரும் இளவட்டம், ரத்தம் சூடாக இருந்த வயது. உட்கார்ந்து பேசி ஒரு விதி போட்டார்கள்: அவனவன் கருவியை அவனவன் வாங்கக் கூடாது. இன்னொருவன்தான் வாங்கித் தர வேண்டும். பிரிந்து போகிறவன் வெறும் கையோடு போக வேண்டும், அப்போதுதான் போக மனசு வராது. அந்தக் கணக்கில் பெட்டி தன் முதல் சேமிப்பில் டிரம்ஸ் வாங்கி டிரம்ஸ்காரரிடம் கொடுத்தார். டிரம்ஸ்காரர் ஒரு வருஷம் இரவும் பகலும் திரை தைத்துச் சேர்த்து, கப்பலில் வந்த இந்த அக்கார்டியனை வாங்கிப் பெட்டியின் மாரில் மாட்டிவிட்டார். மாட்டும்போது, "இறக்கி வெச்சேன்னா கொன்னுடுவேன்" என்று சொன்னார். மனிதர் பேசுவதே காதில் விழாது. அப்படிப்பட்டவர் டிரம்ஸில் உட்கார்ந்தால் பந்தல் ஆடும். அவருக்கு இடி என்று பெயர்.

"அடுத்தவங்க பொருளை உங்க பேர்ல இன்சூர் பண்ண முடியாது சார்" என்றார் மதிப்பீட்டு அம்மாள், கொஞ்சம் வருத்தமாகவே. "வாங்கினவங்ககிட்ட, இதை இவருக்கே கொடுத்துட்டேன்னு ஒரு கடிதம் வாங்கிடுங்க. கையெழுத்து இருந்தா போதும்."

மகள் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, பிறந்ததுலேர்ந்து அது உங்க மடியிலதான் பாக்கறேன். என்னைவிட அதிகமா அதைத்தான் மடியில வெச்சிருந்தீங்க. உங்களுதுன்னு சொல்லிட்டுப் போங்களேன், யார் வந்து கேக்கப் போறாங்க?"

"இடி கேப்பான்மா" என்றார் பெட்டி.

கம்பியிடமிருந்து கடிதம் ஒரு மணி நேரத்தில் போனில் வந்துவிட்டது. கூடவே அவருடைய பேத்தியின் படம் நாற்பது வந்தது. மூச்சு நேரிலேயே வந்தார். மூன்று வேளை சாப்பிட்டார், மதியம் குறட்டை விட்டுத் தூங்கினார், எக்கோ மிஷினைப் போடச் சொல்லி ஒரு பழைய பாட்டைப் பாதிவரை பாடிவிட்டு மூச்சு வாங்கினார், கையெழுத்துப் போட்டார். போகிற போக்கில், "இடிகிட்டப் போனியா?" என்று கேட்டார். பெட்டி தரையைப் பார்த்தார். மூச்சு மேற்கொண்டு கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

இடி குழுவை விட்டுப் போனதற்குக் காரணம் டிரம்ஸோடு மாட்டி அடிக்கும் ஒரு சிம்பல், அவர்கள் பேச்சில் தட்டு. ஒருநாள் சாயங்காலம் நிகழ்ச்சிக்குக் கிளம்பும் வேனில் இடி புதுத் தட்டு ஒன்றை, சுற்றிய காகிதத்தைக்கூடப் பிரிக்காமல், மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்.

"யார் வாங்கினது?" என்று பெட்டி கேட்டார்.

"நான்தான்."

"சொந்தமாவா? அப்போ கிளம்பறதுக்குத் தயாராயிட்டேன்னு சொல்லு. எந்தக் குழுன்னு சொல்லிட்டாவது போ, வந்து கைதட்டறோம்."

மற்ற இருவரும் விளையாட்டு என்று சிரித்தார்கள். பெட்டி விளையாட்டாகச் சொல்லவில்லை. மாண்டலின்காரர் போன நாளிலிருந்து அந்த பயம் அவருக்கு உள்ளே இருந்துகொண்டே இருந்தது. இடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த சிக்னலில் வண்டி நின்றதும் தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

அன்றைக்கு வேறு யாரையோ பிடித்து உட்கார வைத்து நிகழ்ச்சியை நடத்தினார்கள். முதல் பாட்டிலேயே அந்த ஆள் பழைய தட்டை அடித்தார். ஓட்டைப் பானையைத் தட்டியதுபோல ஒரு சத்தம் வந்தது. தட்டில் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் விரிசல். விரல்கள் கட்டைகளின்மேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிளம்பும் நேரத்தில்தான் இடி விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரைத் தேடிப் பிடித்து வாங்கச் சொல்வது? ஓடிப்போய்த் தானே வாங்கிவிட்டார். குழுவின் மானத்தைக் காப்பாற்ற விதியை மீறிய மனிதரைத்தான் பெட்டி திருடனைக் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறார்.

மறுநாளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்குப் போகலாம் என்றார். அடுத்த வாரம் என்றார். வெட்கம் வட்டிக்கு வட்டி போட்டுக் குட்டிபோட்டது. இடியின் திரை தைக்கும் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து இரண்டு தெரு சுற்றிப் போக ஆரம்பித்தார். இடி இல்லாத குழு கொஞ்ச நாள் தள்ளாடிவிட்டுப் படுத்துக்கொண்டது. அப்படியே இருபது வருஷத்துக்குப் பக்கமாக ஓடிவிட்டது. இத்தனை வருஷத்தில் அக்கார்டியனை எடுக்கும்போதெல்லாம், இது அவன் ரத்தம் சிந்தி வாங்கியது என்ற நினைப்பு வராமல் இருந்ததில்லை. அவன் வந்து கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற நடுக்கமும் கூடவே வரும். நியாயமாக அது இடியின் பொருள். கொடு என்றால் கொடுத்துவிட வேண்டியதுதான். கொடுத்துவிட்டால் காலையில் எழுந்து எதற்குப் பின்னறைக்குப் போவது என்று பெட்டிக்குத் தெரியவில்லை.

"மத்ததுக்கு மட்டும் இன்சூர் பண்ணிடலாம்" என்றார் மனைவியிடம்.

"வீட்டைத் திறந்துபோட்டுட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் பூட்டு போடுங்க" என்றார் மனைவி. பிறகு குரலை இறக்கி, "போய்ட்டு வாங்களேன். திட்டினா வாங்கிட்டு வாங்க. அவர் பேசறதுதான் காதுல விழாதே" என்றார்.

மகள் எழுதிக் கொடுத்த கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெட்டி போனார். கடை சின்னது. சுவரோரம் துணிச் சுருள்கள் நின்றன. நடுவில் தையல் மிஷின். மோட்டார் வைத்த மிஷின் ஒன்று ஓரமாகத் தூசி படிந்து கிடக்க, இடி இன்னும் கால் மிதியிலேயே தைத்துக்கொண்டிருந்தார். வழுக்கை முழுதாக விழுந்திருந்தது. கால் மட்டும் மாறவில்லை. எட்டு மிதி மிதித்து ஒன்பதாவதில் ஒரு சின்ன நிறுத்தம், திரும்ப எட்டு. பெட்டி வாசலில் நின்று அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாடா. வெளிச்சத்தை மறைக்காத" என்றார் இடி, தலை நிமிராமல்.

பெட்டி துணி மூட்டைமேல் உட்கார்ந்தார். கடிதத்தை எடுத்து நீட்டினார். சுவிட்ச் போர்டு, புகை, இன்சூரன்ஸ், மதிப்பீட்டு அம்மாள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். அந்த அம்மாளிடம் டிரம்ஸ் என்னுது, ஆனால் கிட்டப் போனதில்லை என்று சொன்ன இடத்தில் இடியின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று பெட்டிக்கு ஒரு கணம் தைரியம் வந்தது.

இடி கடிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். இந்தக் கருவியை மேற்படியாருக்கே கொடுத்துவிட்டேன், இனி எனக்கு இதில் எந்த உரிமையும் இல்லை என்று மகள் சுத்தமாக எழுதியிருந்தாள். படித்து முடித்து நாலாக மடித்துப் பெட்டியின் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்தார்.

"போட மாட்டேன்."

பெட்டியின் முகத்தில் ஈயாடவில்லை. எந்த நாளுக்கு இத்தனை வருஷம் பயந்தாரோ அது வந்துவிட்டது. "உன் பொருள்தானேடா" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "நாளைக்கே கொண்டுவந்து தரேன். சுத்தமா வெச்சிருக்கேன். ஒரு கட்டைகூட ஒட்டல."

"எனக்கு எதுக்குடா அது? எனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"அப்போ இன்னும் கோபமா? அந்தத் தட்டு விஷயத்துல நான் பேசினது தப்பு. அன்னைக்கு மேடையிலேயே தெரிஞ்சுபோச்சு. வந்து சொல்ல மூஞ்சி இல்ல."

"அதுவும் தெரியும். ஓட்டைத் தட்டு சத்தம் உன் காதுக்குத் தப்புமா?"

"தெரிஞ்சும் நீ ஏன்டா வரல?"

"நான் ஏன் வரணும்? பேசினது நீ."

இடி ஊசியிலிருந்து நூலை அறுத்தார். தைத்து முடித்த திரையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார். அவர் அடுத்துப் பேசியதைக் கேட்கப் பெட்டி மூட்டையோடு முன்னால் நகர வேண்டியிருந்தது.

"என் பொருள் ஒண்ணு உன் வீட்டுல இருக்கு. அதுக்குப் பதில் சொல்லவாவது என்னைக்காவது நீ வந்துதானே ஆகணும்? அந்த ஒரு தெம்புலதான்டா இத்தனை வருஷம் உக்காந்திருந்தேன். இதுல கையெழுத்துப் போட்டுட்டா அது உன்னுது ஆயிடும். அப்புறம் எதுக்குடா நீ என்னைத் தேடி வரப்போற?"

பெட்டி அழுதார். வெட்கப்படாமல், மூக்கைத் துடைக்கக்கூட மறந்து, கடைக்குத் திரை வாங்க வந்த ஒரு பெண் திகைத்துத் திரும்பிப் போகும்படியாக அழுதார். இடி வெட்டிய துணி ஒன்றை எடுத்து நீட்டினார். பிறகு மிஷின்மேல் உறையைப் போட்டுவிட்டு, கடையைச் சாத்தச் சாவியைத் தேடினார்.

இரண்டு நாள் கழித்து மதிப்பீட்டு அம்மாள் போன் செய்தார். மற்ற எல்லாம் முடிந்துவிட்டது, அக்கார்டியனுக்குத்தான் கடிதம் வரவில்லை என்றார்.

"அதை விட்டுடுங்க மேடம்" என்றார் பெட்டி.

"அய்யோ, அதுதானே சார் பெரிய பொருள்! ஓனர் ஒத்துக்கலையா?"

"ஒத்துக்கலைங்க. அவர் பொருளை நான் ஒழுங்கா வெச்சிருக்கேனான்னு வாரா வாரம் நேர்ல வந்து பாக்கப் போறாராம்" என்றார் பெட்டி. பின்னறையிலிருந்து வந்த டிரம்ஸ் சத்தத்தில் தான் சொன்னது அவருக்கே கேட்கவில்லை. போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று, ஜன்னல் கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டார்.